டிக் உள்ள பிள்ளைக்கு டிஎம்எஸ் ஆய்வு: மோட்டார் கார்டெக்ஸில் என்னதான் அளக்கிறார்கள்?

மகிழன்_அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. முதலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது என்று ஒன்று போய் ஒன்று வந்தது. இப்படித் தானாக வரும் அசைவுக்கும் சத்தத்துக்கும் டிக் என்று பெயராம்; டூரெட் சிண்ட்ரோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கூடவே கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏடிஎச்டியும் இருக்கிறது.

இப்போது ஓர் ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. தலைக்கு மேல் ஒரு காயிலை (கம்பிச் சுருளை) வைத்துக் காந்தத் துடிப்பு கொடுப்பார்களாம், டிஎம்எஸ் என்று பெயர். விரலை அசைக்கும் தசை எப்படித் துடிக்கிறது என்று பதிவு செய்வார்களாம். "இது சிகிச்சை அல்ல, அளவீடு மட்டுமே" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நரம்பு டாக்டர் பொறுமைசாலி, கேட்டால் பதில் சொல்வார். ஆனால் என்ன கேட்பது என்றே பிடிபடவில்லை.

டிக் வருவது முகத்திலும் தோளிலும். விரலைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வார்கள்? வலிக்குமா? வளர்கிற மூளைக்கு ஒன்றும் ஆகாதா? டிஎம்எஸ்ஸால் டிக் நின்றுவிட்டது என்று யாரோ எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனைவி மிகவும் நம்பிக்கையோடு இருக்கிறாள். அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போடலாமா?

ஆய்வக_மேசை:

மகிழன் அப்பா, குழந்தைகளுக்கு இந்த அளவீட்டைச் செய்யும் ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயிலுக்குள் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம் பாய்ந்து நின்றுவிடும். அதனால் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, கீழே இருக்கும் மூளையின் மேல்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. 1980ல் மெர்ட்டனும் மார்ட்டனும் தலையின் மேல் நேரடியாக மின்சாரம் கொடுத்து இதே வேலையைச் செய்தார்கள், ஆனால் அது வலிக்கும். 1985ல் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரின் குழு காந்தத்தால் செய்து காட்டிய பிறகுதான், குழந்தைகளிடமும் இப்படி அளக்கலாம் என்ற நிலை வந்தது. ஜில் த லா டூரெட் இந்த நோயை விவரித்து எழுதியது 1885ல். சரியாக நூறு வருட இடைவெளி, எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும்.

விரல் எதற்கு என்றால், அசைவுகளை இயக்கும் மூளைப் பகுதியான மோட்டார் கார்டெக்ஸில் கைக்கான பகுதி பெரியது, மேல்பரப்புக்கு அருகில் இருக்கிறது, குறைந்த வலுவிலேயே பதில் தரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் தசையில் எலக்ட்ரோடு ஒட்டுவோம். தலையில் துடிப்பு கொடுத்த சுமார் 20 மில்லிசெகண்டில் அந்தத் தசை துடிக்கும், திரையில் ஓர் அலை வரும். முகத்தில் இவ்வளவு சுத்தமாக அலை கிடைக்காது.

அளப்பது முக்கியமாக மூன்று. ஒன்று, தசை பதில் சொல்ல எவ்வளவு வலு தேவை என்பது. பத்து முறை கொடுத்தால் ஐந்து முறையாவது 50 மைக்ரோவோல்ட் அலை வர வேண்டும். அதற்குப் போதுமான மிகக் குறைந்த வலுவைத்தான் வாசல் அளவு என்கிறோம். இன்னொன்று, பிள்ளை விரலை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும்போது துடிப்பு கொடுத்தால், தசை ஒருமுறை துள்ளிவிட்டுச் சற்று நேரம் முற்றிலும் அடங்கிப்போகும். அந்த அமைதி எத்தனை மில்லிசெகண்ட் நீடிக்கிறது என்று பார்ப்போம். மூன்றாவது, குஜிராய் குழு 1993ல் கொண்டுவந்த இரட்டைத் துடிப்பு முறை: முதலில் தசையை அசைக்காத அளவுக்கு மெல்லிய துடிப்பு, இரண்டு மூன்று மில்லிசெகண்ட் கழித்து வலுவான துடிப்பு. சாதாரணமாக இரண்டாவது அலை நன்றாகச் சுருங்கிவிடும், இதைத்தான் அடக்கம் என்கிறோம். ஏனென்றால் மெல்லிய துடிப்பு காபா என்ற வேதிப்பொருளை வெளிவிடும் அடக்கும் நரம்பணுக்களை எழுப்பிவிட்டிருக்கும். மூளையின் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்கும் வழி அது.

1997ல் சீமன், பவுலஸ், ரோதன்பெர்கர் மூவரும் டூரெட் உள்ள பெரியவர்களை இப்படி அளந்தார்கள். வாசல் அளவு இயல்பாகவே இருந்தது. ஆனால் அமைதி நேரம் குறைந்திருந்தது, இரட்டைத் துடிப்பு அடக்கமும் குறைந்திருந்தது. பிரேக் தளர்ந்திருக்கிறது என்ற பேச்சு அங்கிருந்துதான் வலுத்தது. ஆனால் 1999ல் மோல் குழு டிக் உள்ள குழந்தைகளைப் பார்த்தபோது, அமைதி நேரம் மட்டும்தான் குறைந்திருந்தது. இரட்டைத் துடிப்பு அடக்கம் நன்றாகவே இருந்தது.

உங்கள் மகனுக்கு ஏடிஎச்டியும் இருப்பதால் இதைக் கவனியுங்கள். சின்சினாட்டியில் டொனால்ட் கில்பர்ட் குழு 2004ல் வெளியிட்ட ஆய்வில், அடக்கம் குறைவது டிக்கைவிட ஏடிஎச்டி அறிகுறிகளோடுதான் இறுக்கமாகப் பொருந்தியது. 2011ல் அவர்களே 8 முதல் 12 வயதுள்ள ஏடிஎச்டி குழந்தைகளை அளந்தபோது, மற்ற குழந்தைகளைவிட அந்த அடக்கம் சுமார் 40 சதவீதம் குறைவு. ஆக, உங்கள் மகனின் அளவு எப்படி வந்தாலும் "இதுதான் டிக்குக்குக் காரணம்" என்று அதை யாரும் உங்களிடம் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

பரணி:

வணக்கம் மகிழன் அப்பா. எனக்கு ஏழு வயதிலிருந்து டூரெட். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டேன். இதே மாதிரி ஆய்வில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

சாய்வு நாற்காலி. காதில் பஞ்சு மாதிரி அடைப்பான். எட்டு வடிவக் காயில் ஒன்றைத் தலையின் பக்கவாட்டில் அழுத்திப் பிடிப்பார்கள், கொஞ்சம் கனமாக இருக்கும். டக் டக் என்று சத்தம், தலைத்தோலில் யாரோ சுண்டிவிட்டது மாதிரி ஓர் அதிர்வு. உடனே ஆள்காட்டி விரல் தானாகத் துள்ளும். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலி என்று சொல்ல மாட்டேன்.

கஷ்டம் எங்கே என்றால், "கையைத் தளர்வாக வைத்திரு, அசையாதே" என்று சொல்லும்போதுதான். டிக் உள்ளவனிடம் அசையாதே என்று சொன்னால் உடனே அத்தனை உறுத்தலும் வரிசை கட்டி நிற்கும். இடையிடையே டிக் விட அனுமதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். எனக்கு அனுமதி கொடுத்தார்கள், அதனால்தான் கடைசிவரை உட்கார முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிக் வரும்போது முதலில் அந்த இடத்தில் ஓர் உறுத்தல், செய்தே ஆக வேண்டும் என்ற ஓர் அழுத்தம். செய்துவிட்டால் சற்று நேரம் விடுதலை. காயில் என் விரலைத் துள்ளவைத்தபோது உறுத்தலும் இல்லை, விடுதலையும் இல்லை. வெறுமனே துள்ளியது. அப்படியானால் அவர்கள் தட்டும் இடத்தில் என் டிக் இல்லையோ என்று அப்போதே தோன்றியது.

ஆய்வக_மேசை:

பரணி, நீங்கள் உணர்ந்தது சரிதான். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2006ல் போல்ஹால்டர் குழு டிக் வருவதற்குச் சற்று முன்னும் வரும் நேரத்திலும் மூளையை எஃப்எம்ஆர்ஐயில் (எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) படம் பிடித்தது. டிக் வருவதற்கு முன்பே விழித்துக்கொண்டவை இன்சுலா போன்ற உட்பகுதிகளும், எஸ்எம்ஏ என்று சொல்லப்படும் துணை மோட்டார் பகுதியும். மோட்டார் கார்டெக்ஸ் கடைசியில், டிக் வெளியே வரும் நேரத்தில்தான் சேர்ந்துகொண்டது. அதற்கும் முன்னால், 1991ல் ஃப்ரீட் குழு, வலிப்பு நோய்க்காக மூளையில் எலக்ட்ரோடு வைத்திருந்தவர்களின் எஸ்எம்ஏ பகுதியை லேசாகத் தூண்டியபோது, சிலர் "கையை அசைக்க வேண்டும்போல் இருக்கிறது" என்று சொன்னார்கள். கை அசையவில்லை, உந்துதல் மட்டும் வந்தது.

இன்னும் ஆழத்தில், அசைவுகளைக் கட்டுப்படுத்த உதவும் பேசல் கேங்கிலியா இருக்கிறது. டூரெட் இருந்து இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்த யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் சில வகை அடக்கும் நரம்பணுக்கள் குறைந்திருப்பதை 2005லும் 2010லும் காட்டினார்கள். டிஎம்எஸ் காயிலின் கை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாது. அதனால் மோட்டார் கார்டெக்ஸில், அதாவது டிக் வெளியேறும் வாசலில் நின்று உள்ளே நடப்பதை ஊகிக்கிறோம். வாசலில் நிற்பதும் பயனுள்ள வேலைதான், ஆனால் நாம் நிற்கும் இடம் எது என்பது மறந்துவிடக்கூடாது.

குறிஞ்சி:

என் மகளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒரு தனியார் கிளினிக்கில் டிஎம்எஸ் சிகிச்சையாகவே செய்தோம். தலையின் உச்சியில், வாரத்தில் ஐந்து நாள். பாதியிலேயே நல்ல மாற்றம் தெரிந்தது. டீச்சர்கூடக் கேட்டார். சில மாதம் கழித்துப் பழையபடி வந்துவிட்டது, வேறு டிக். கிளினிக்கில் இன்னொரு சுற்று போடலாம் என்றார்கள். நாங்கள் போகவில்லை. பலன் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்கும் என் கணவருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஆய்வக_மேசை:

குறிஞ்சி மேடம், உங்கள் இருவர் பார்வைக்கும் நியாயம் இருக்கிறது. நீங்கள் சொல்வது எஸ்எம்ஏ மீது நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் கொடுக்கும் முறையாக இருக்கலாம். மெதுவாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பகுதியின் கிளர்ச்சி குறையும் என்பது கணக்கு. 2011ல் 10 சிறுவர்கள், 2013ல் 25 குழந்தைகள் என்று செய்து பார்த்த ஆய்வுகளில் டிக் நன்றாகக் குறைந்தது. ஆனால் இரண்டிலும் ஒப்பிடப் போலி சிகிச்சைக் குழு கிடையாது. என்ன கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

போலிக் காயில் வைத்து, யாருக்கு எது என்று தெரியாமல் செய்த ஆய்வு 2015ல் வந்தது. 20 பெரியவர்கள், மூன்று வாரம். உண்மையான காயில் வைத்தவர்களுக்கு டிக் 17.3 சதவீதம் குறைந்தது. போலிக் காயில் வைத்தவர்களுக்கும் 13.2 சதவீதம் குறைந்தது. வித்தியாசம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 2014ல் வூ, கில்பர்ட் குழு 10 முதல் 22 வயதுவரை உள்ள 12 பேரிடம் வேகமான இன்னொரு முறையைச் சோதித்தது. எஸ்எம்ஏ எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் எஃப்எம்ஆர்ஐயில் பார்த்து, அங்கேயே காயிலை வைத்தார்கள். உண்மை, போலி இரண்டு குழுவிலும் டிக் குறைந்தது. உண்மைக் குழுவில் மூளைப் படத்தில் மட்டும் மாற்றம் தெரிந்தது. இந்த முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மூளையில் ஒன்றை மாற்ற முடிந்தது, அந்த மாற்றம் டிக்குக்குப் போய்ச் சேரவில்லை.

டிக் தானாகவே ஏறி இறங்கும் என்பதும் இருக்கிறது. பெற்றோர் எப்போது சிகிச்சை தேடுவார்கள்? மிக மோசமாக இருக்கும்போதுதான். அதற்குப் பிறகு என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், பெரும்பாலும் இறக்கம்தான் வரும். பத்து பன்னிரண்டு வயதில் உச்சத்தைத் தொட்டு, பதின்வயது முடிவதற்குள் பாதிப் பேருக்கு மேல் நன்றாகக் குறைந்துவிடும். அந்த வயதுப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் அது வேலை செய்தது போலத்தான் தெரியும்.

தர்க்கவேல்:

ஒரு சந்தேகம். அடக்கும் காபா குறைவாக இருப்பதுதான் பிரச்சினை என்றால், காபாவைத் தூக்கிவிடும் மருந்து கொடுத்தால் போதுமே. இத்தனை காயில் எதற்கு? இல்லை, அந்த அடக்கக் குறைவே டிக்கை அடக்கி அடக்கி வந்த விளைவாக இருக்குமா?

ஆய்வக_மேசை:

தர்க்கவேல், இரண்டாவது கேள்விதான் இந்தத் துறையின் மையத்தில் இருக்கிறது.

முதலில் மருந்து. லோரசெபாம், குளோனசெபாம் வகை மருந்துகள் காபாவின் வேலையைக் கூட்டும், இரட்டைத் துடிப்பு அடக்கத்தையும் கூட்டும். ஆனால் அவை மூளை முழுவதும் பரவும். தூக்கக் கலக்கம், பழக்கமாகிப்போவது என்று பின்னாலேயே வரும். டிக்குக்கு முதல் மருந்தாக யாரும் அவற்றை எடுப்பதில்லை.

இரண்டாவதுக்கு நாட்டிங்ஹாமில் ஸ்டீபன் ஜாக்சன் குழு செய்த வேலையைப் பார்க்க வேண்டும். 2014ல் அவர்கள் டூரெட் உள்ள இளையோரின் எஸ்எம்ஏ பகுதியில் காபா அளவை எம்ஆர்எஸ் என்ற ஸ்கேன் முறையில் அளந்தார்கள். குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். கூடுதலாக இருந்தது. ஓர் அசைவைச் செய்யப்போகும் நேரத்தில் மோட்டார் கார்டெக்ஸின் கிளர்ச்சி வழக்கமாகச் சரசரவென்று ஏறும். இவர்களிடம் அது மெதுவாக ஏறியது. வருடக்கணக்கில் டிக்கை அடக்கிப் பழகிய மூளை, தன் பிரேக்கைத் தானே வலுப்படுத்திக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. 2016ல் அவர்களே குழந்தைகளையும் பதின்வயதினரையும் அளந்தபோது, டூரெட் உள்ள சிறு வயதினருக்கு வாசல் அளவு மற்றவர்களைவிட உயர்வு; வயது ஏற ஏற அந்த இடைவெளி குறைந்தது. மோட்டார் கார்டெக்ஸ் முதிர்வது தாமதமாகிறது என்று அதைப் படிக்கலாம்.

ஆக ஒரே பிள்ளையின் மோட்டார் கார்டெக்ஸில் மூன்று சங்கதிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன: நோயின் தடம், கூட வரும் ஏடிஎச்டியின் தடம், அதைச் சமாளிக்க அந்தப் பிள்ளை தினமும் செய்யும் உழைப்பின் தடம். ஒரே நாளில் ஒரு முறை அளந்து இவற்றைப் பிரிக்க முடியாது. அதே பிள்ளைகளை வருடம் விட்டு வருடம் அளந்தால்தான் முடியும். அதனால்தான் மகிழன் அப்பா மாதிரிப் பெற்றோரிடம் கேட்டு நிற்கிறோம்.

பரணி:

"அந்தப் பிள்ளை தினமும் செய்யும் உழைப்பு" என்ற வரிக்கு நன்றி. வகுப்பில் ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது எங்காவது பதிவாகியிருக்கும் என்று நினைக்கவே நிம்மதியாக இருக்கிறது. சின்ன வயதில் "வீட்டுக்கு வந்தால் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறாய்" என்று திட்டுதான் கிடைத்தது.

நெய்தல்:

குழந்தைகள் உளவியலில் இருக்கிறேன். டிஎம்எஸ் பேச்சில் ஒன்று விட்டுப்போகிறது, அதனால் நுழைகிறேன்.

இன்று டிக்குக்கு நல்ல ஆதாரத்தோடு முதலில் பரிந்துரைக்கப்படுவது சிபிஐடி என்ற நடத்தைப் பயிற்சி. அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் அதைத்தான் முன்னால் வைக்கிறது. உறுத்தல் வரும்போது அதைக் கண்டுகொண்டு, டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத வேறோர் அசைவைச் செய்யப் பிள்ளைக்குக் கற்றுத்தருவோம். தோள் குலுக்கல் என்றால், முழங்கையை இடுப்போடு ஒட்டி அழுத்தித் தோளை மெதுவாகக் கீழே இறக்குவது, உறுத்தல் தணியும்வரை அப்படியே இருப்பது. 2010ல் 9 முதல் 17 வயதுவரை 126 பேரிடம் செய்த ஆய்வில், பத்து வாரத்தில் இந்தப் பயிற்சி எடுத்தவர்களில் 52.5 சதவீதம் பேர் நன்றாக முன்னேறினார்கள். வெறும் ஆதரவுப் பேச்சு மட்டும் கிடைத்தவர்களில் 18.5 சதவீதம்.

மகிழன் அப்பா, மகனுக்கு இது ஆரம்பித்தாயிற்றா? இல்லையென்றால் ஆய்வில் சேர்வதும் சேராததும் அப்புறம், இதை முதலில் பாருங்கள்.

அப்புறம் பிள்ளையின் சம்மதம். நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் ஒன்பது வயதுப் பையனிடம் தனியாக, அவனுக்குப் புரியும்படி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "அப்பா ஆசைப்படுகிறார்" என்பதற்காகத் தலையாட்டும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகிழன்_அப்பா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். இந்த ஆய்வால் டிக் குறையாது என்பது இப்போது இரண்டு பேருக்கும் தெளிவு. சிபிஐடி பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். பரணி, நீங்கள் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். "விரல் தானா குதிக்குமா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். பயப்படவில்லை.

பாதுகாப்பு பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். மேலும், அவன் ஏடிஎச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடுகிறான். அதை என்ன செய்வது?

ஆய்வக_மேசை:

பாதுகாப்பு: 2015ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மூளைத் தூண்டல் ஆய்வுகளில் பங்கேற்ற 513 குழந்தைகள், பதின்வயதினரின் விவரங்களைத் திரட்டியது. டிஎம்எஸ்ஸில் அதிகம் சொல்லப்பட்ட தொந்தரவு தலைவலி, பத்தில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாக. அடுத்தது தலைத்தோலில் அசௌகரியம். வலிப்பு மிக மிக அரிது, அறவே வராது என்று சொல்ல முடியாது. தொடர்ச்சியாகத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சை முறையில் அந்த வாய்ப்பு கூடுதல். உங்கள் மகனுக்குச் செய்யப்போவது இடைவெளி விட்டு ஒற்றையாகவும் இரட்டையாகவும் கொடுக்கும் முறை. அவனுக்கோ குடும்பத்தில் யாருக்கோ வலிப்பு உண்டென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். தலையில் உலோகத் துண்டு, காக்ளியர் இம்ப்ளான்ட், பேஸ்மேக்கர் இருந்தால் சேர்க்கவே மாட்டார்கள். காது அடைப்பான் அவன் அளவுக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். பெரியவர்களுக்கானது சின்னக் காதில் நழுவி விழும், அந்த டக் சத்தம் அருகில் கேட்கப் பலமாகவே இருக்கும்.

இன்னொன்றுக்குத் தயாராக இருங்கள். இந்த வயதில் வாசல் அளவு பெரியவர்களைவிட உயரம், சில பிள்ளைகளுக்கு எந்திரத்தின் முழு வலுவும் போதாது. அளக்க முடியவில்லை என்று பாதியில் நிறுத்தினால் அவனிடம் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதுதான் காரணம்.

மெத்தில்ஃபெனிடேட் இரட்டைத் துடிப்பு அடக்கத்தை மாற்றும், ஏடிஎச்டி குழந்தைகளிடமே அது காட்டப்பட்டிருக்கிறது. அதனால் சில குழுக்கள் அளவீட்டன்று காலை மாத்திரையைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள், சில குழுக்கள் போட்டுக்கொண்டே வரச் சொல்வார்கள். உங்கள் படிவத்தில் எது இருக்கிறதோ அதை மாத்திரை எழுதித் தந்த டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு செய்யுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வேறு மருந்து ஏதும் இருந்தால் அந்தப் பட்டியலும், முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதும் எங்களுக்கு வேண்டும்.

நெய்தல்:

நிறுத்துவதற்கு ஒரு சைகையை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தலையை ஆட்டச் சொன்னால் டிக்கோடு குழம்பிவிடும். ஒரு வார்த்தையாக இருக்கட்டும், அதை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.